பாசமானி முன்னால் ஒரு வாய் சோறு

பாசத்தை அளக்கும் எந்திரமான பாசமானி முன்னால் பலகையில் சிவப்பிரகாசம் சம்மணம் போட்டு உட்கார்ந்ததைப் பார்த்ததும் தவமணிக்கு வயிறு நிறைந்தது. கோவை அளவீட்டு மன்றத்தில் அன்று நல்ல கூட்டம். குடும்பக் காப்புக் கழகத்தின் தலைவரே மகனுக்குச் சோறு ஊட்ட வந்திருக்கிறார் என்றால் சும்மாவா!

முறை எளியது. வளர்ப்பவர் மணிக்கட்டில் ஒரு பட்டை, பிள்ளை மணிக்கட்டில் ஒரு பட்டை. பிள்ளையை மடியில் வைத்துத் தயிர்சோறு ஊட்ட வேண்டும். இரண்டு இதயங்களும் சீராக ஒத்துத் துடித்தால் பச்சை விளக்கு. இல்லையென்றால் சிவப்பு, பிள்ளை அரசுக் காப்பகத்துக்குப் போய்விடும். அடுத்த ஆண்டு மறுபடி ஊட்டிப் பார்க்கலாம்.

முதலில் இந்தச் சட்டம் இரண்டு அம்மாக்களோ இரண்டு அப்பாக்களோ இருக்கும் வீடுகளுக்கு மட்டும்தான். போராடிக் கொண்டுவந்தவர் சிவப்பிரகாசம். "பாசம் இருந்தா எதுக்குங்க பயம்?" என்று மேடைக்கு மேடை கேட்டார். போன ஆண்டு தவமணி பயந்தாள். கேமராக்களுக்கும் கழகத்துக்காரர்களின் கூச்சலுக்கும் நடுவே, மகள் இன்பாவின் வாய்க்குக் கொண்டுபோன கை உதறியது. சிவப்பு. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனபோது துணைவி ரெஜினா மயங்கி விழுந்தாள்.

தவமணி விழவில்லை. அடுத்தடுத்து வந்த வீடுகளைப் பார்த்தாள். பிள்ளையை இழந்துவிடுவோமோ என்று துடித்தவர்களுக்கெல்லாம் சிவப்பு. தூங்கி வழிந்தபடி ஊட்டிய ஒரு ஆளுக்குப் பச்சை. எந்திரம் அளப்பது பாசத்தை அல்ல, நெஞ்சு பதறாமல் இருப்பதை என்று அவளுக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது.

அதை வெளியே சொல்லச் சொல்லி ரெஜினா கெஞ்சினாள்.

"சொன்னா எவன் நம்புவான்? தோத்தவ பொலம்பறாம்பான். அந்தாளும் அதே பலகைல உக்காரட்டும்" என்றாள் தவமணி.

ஊர் ஊராகப் போய் ஒரே கேள்வியைக் கேட்டாள். எந்திரம் அவ்வளவு நல்லது என்றால் எல்லா வீட்டுக்கும் வைக்க வேண்டியதுதானே? மறுத்தால் எந்திரமே பொய் என்றாகிவிடும் என்று சிவப்பிரகாசமும் தலையாட்டினார். சட்டம் எல்லோருக்கும் ஆனது.

இதோ, முதல் வாயிலேயே சோறு மகன் சட்டையில் சிந்திவிட்டது.

"அப்பா, ஏன் உங்க கை இப்படி ஆடுது?" என்றான் பையன்.

சிவப்பு எரிந்தது. பையனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சிவப்பிரகாசம் தட்டுத் தடுமாறி எழுந்து, கதவுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்த தவமணியிடம் ஓடிவந்தார்.

"அம்மிணி, பயந்தாச் செவப்பு எரியுதுங்க. உங்களுக்குத் தெரியுமில்லீங்க? ஒரு வார்த்தை சொல்லுங்க!"

ரெஜினா அவள் கையைப் பிடித்தாள். "சொல்லிரு தவம். அவரும் நீயும் சேந்து சொன்னா நம்புவாங்க. ரெண்டு புள்ளையும் வீட்டுக்குப் போகும். எல்லாப் புள்ளைங்களும் போகும்."

தவமணி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ஒரு வருடமாக அவள் காத்திருந்த முகம் அது.

"பாசம் இருந்தா எதுக்குங்க பயம்?" என்றாள்.

அவர் அப்படியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்து அழுதார். உள்ளிருந்து தவமணியின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

காப்பகத்திலிருந்து கூட்டி வந்திருந்த இன்பா வளர்ந்திருந்தாள். மடியில் விறைத்து உட்கார்ந்தாள். தவமணியின் கை இம்முறை உதறவில்லை. திறந்த கதவு வழியே சிவப்பிரகாசம் தலையில் அடித்துக்கொள்வது நன்றாகத் தெரிந்தது. அதைப் பார்த்தபடியே சோற்றைப் பிசைந்தாள், உருட்டினாள், ஊட்டினாள். அவள் நெஞ்சு அத்தனை நிம்மதியாக என்றைக்குமே துடித்ததில்லை. சற்று நேரத்தில் பிள்ளையின் துடிப்பும் அதோடு சேர்ந்துகொண்டது.

பச்சை.

"இத்தனை பாசத்த இந்த மன்றத்துல நாங்க பாத்ததே இல்லீங்க!" என்று அதிகாரி எழுந்து நின்று கைதட்டினார். கூட்டமும் தட்டியது. ரெஜினா மட்டும் தட்டவில்லை.

வாயில் இருந்த சோற்றை விழுங்கிவிட்டு இன்பா தவமணியின் தாடையைப் பிடித்துத் திருப்பினாள்.

"அம்மா, நீ ஏன் என்னையப் பாக்கவே மாட்டேங்கற?"