பள்ளிவாசலுக்கு ஈடாக ஒருவன்

முத்தரைத்துறையின் கழிமுகத்தில் அந்திச் செவ்வொளி கரைந்து, கீழ்வானில் நிலவு தலைகாட்டிய அந்த இனிய வேளையில், சோனகர் பள்ளிவாசலுக்குள் ஒரு வாலிபன் வசமாக மாட்டிக்கொண்டு தவித்தான். சோனக வணிகரைப்போலத் தலைப்பாகையும் நீண்ட அங்கியும் அணிந்திருந்த அவன், உண்மையில் மதுரையிலிருந்து வந்த ஒற்றன். கலகத் தளபதி கோளரிராயனின் படைபலத்தை அறிய வந்தவன், ஊர்வாயில்கள் அடைபட்டதும் மாலைத் தொழுகைக் கூட்டத்தோடு உள்ளே நுழைந்திருந்தான். தொழுகை முடிவதற்குள் கலக வீரர்கள் கடப்பாரைகளுடன் பள்ளியைச் சூழ்ந்துவிட்டார்கள்.

அன்பார்ந்த வாசகர்களே, அந்தப் பள்ளியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! கோயில் கட்டிய கைகள்தாம் அதையும் கட்டின. உருவம் கூடாதென்று சோனகர் கேட்டுக்கொண்டதால், யாளியும் மயிலும் செதுக்கிப் பழகிய சிற்பிகள் தங்கள் ஆசையையெல்லாம் கொடிகளிலும் தாமரை மொட்டுகளிலும் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த அழகையெல்லாம் பிரித்தெடுத்து, பாண்டியப் படை வருமுன் துறைமுகத்தில் மதில் எழுப்ப வேண்டுமாம் அந்தப் பாவி கோளரிராயனுக்கு!

தப்ப வழி உண்டா என்று பார்க்க, வாலிபன் வெளிப்புறத் தூண்வரிசை வழியே நடந்தான். எங்கும் ஈட்டிமுனைகள். கண்கள் வழி தேட, கால்களோ பிறந்தது முதல் பழகிய வழக்கப்படி பள்ளியை வலமாகச் சுற்றின. சுற்றி வந்து நின்றவன், தன்னையறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டான்!

"நில்!" என்றது ஒரு குரல். கோளரிராயன் நின்றிருந்தான். "பள்ளியை வலம் வந்து கன்னத்தில் போட்டுக்கொள்ளும் சோனகனை இன்றுதான் காண்கிறேன். யாரடா நீ?"



"அவர் கல்தச்சர், தளபதியாரே!" என்று வாசலில் கூடிநின்ற கூட்டத்திலிருந்து ஒரு பெண் முன்னே வந்தாள். பள்ளியைக் கட்டிய வணிகரின் மகள் சைனம்பு அவள். "பழுது பார்க்க எங்க வாப்பா வரவழைச்சாங்க. உடுப்பும் நாங்க கொடுத்ததுதான்."

முன்பின் அறியாதவனுக்காக அவள் துணிந்து சொன்ன பொய் வாலிபனின் உள்ளத்தை உருக்கிவிட்டது. ஆனால் கோளரிராயன் சிரித்தான்.

"கல்தச்சனா? நல்லதாயிற்று. எந்தத் தூணைச் சாய்த்தால் கூரை இறங்கும்? காட்டு. காட்டாவிட்டால் உனக்கும் தலை இராது, இவளுக்கும் இராது."

சைனம்புவின் முகம் வெளுத்தது. காட்டினால் பள்ளி போகும். மறுத்தால் அவள் உயிர் போகும். வாலிபன் அந்தத் தாமரை மொட்டுகளை ஒருமுறை அண்ணாந்து பார்த்தான். பிறகு நிமிர்ந்து நின்றான்.

"தளபதியாரே, மதில் எதற்கு? பாண்டிய இளவரசரின் படைக்கு அஞ்சித்தானே? அந்த இளவரசரையே தங்களிடம் ஒப்படைக்கிறேன். அவர் தங்கள் கையில் இருந்தால் எந்தப் படை தங்கள்மீது பாயும்? பதிலுக்கு ஒரே வேண்டுகோள். இந்தப் பள்ளியின் ஒரு கல்லையும் இங்குள்ள ஓர் உயிரையும் தொடுவதில்லை என்று வாளின்மீது ஆணையிடுங்கள்."

கோளரிராயனின் கண்கள் பேராசையில் மின்னின. வீரர்கள் அனைவரும் கேட்க, வாளை உருவி ஆணையிட்டான். "எங்கே இளவரசன்?"

வாலிபன் தலைப்பாகையைக் கழற்றினான். இடையில் மறைத்திருந்த கயல் பொறித்த முத்திரை மோதிரத்தை எடுத்து நீட்டினான்.

"வீரகண்ட பாண்டியன் நான்தான்."

முன்பு மதுரையில் சேவகம் செய்த கிழ வீரன் ஒருவன் கடப்பாரையை நழுவவிட்டுக் கைகூப்பினான். சைனம்பு வாய்விட்டு அழுதாள். இளவரசரோ அவளை நோக்கிப் புன்னகைத்தார்.

கோளரிராயன் தன் வீரர்களின் முகங்களைப் பார்த்தான். இட்ட ஆணையை அத்தனை பேரும் கேட்டிருந்தார்கள். பற்களைக் கடித்துக்கொண்டு உறுமினான்:

"விலங்கைக் கொண்டுவாருங்கள். கடப்பாரைகளை எடுத்துச் செல்லுங்கள்!"