அலியார் வீட்டு டிக்‌ஷனரி

1956 அக்டோபர், வெள்ளிக்கிழமை காலை.

கீழக்கரைச் சங்குக் கிடங்கில் குமாஸ்தாவாக இருந்த அலியார், தன் வீட்டு மாடி அறையில் ஆங்கில டிக்‌ஷனரியின் மேல் முகம் கவிழ்ந்து செத்துக் கிடந்தார். வாயோரம் நுரை காய்ந்திருந்தது. அரளி விதையாகத்தான் இருக்கும் என்றார் ராமநாதபுரத்திலிருந்து வந்த டாக்டர்.

செத்தவர் ஊரறிந்த ஆள். சென்னைப் பத்திரிகை ஒன்று வாராவாரம் நான்கைந்து ஆங்கில எழுத்துகளைக் கொடுக்கும். அவை அத்தனையும் அடங்கிய மிக நீளமான சொல்லைக் கண்டுபிடித்து அனுப்பினால் பரிசு. ஊரில் பாதிப் பேருக்கு இந்தக் கிறுக்கு பிடித்திருந்தது. பரிசு மட்டும் அலியாருக்கே போய்க்கொண்டிருந்தது. எட்டாம் வகுப்பைத் தாண்டாத மனுஷனுக்கு இவ்வளவு நீளச் சொற்கள் எங்கிருந்து வருகின்றன என்று படித்தவர்கள் வயிறெரிந்தார்கள்.

ரொம்பவும் எரிந்தவர் ஆங்கில வாத்தியார் வேதநாயகம். போன வாரம் டீக்கடையில் அலியாரின் சட்டையைப் பிடித்திருக்கிறார். நேற்று மாலை சமாதானம் பேச, தேங்காய்ப்பாலில் கிண்டிய தொதல் மிட்டாய் வாங்கிக்கொண்டு இதே மாடிக்கு வந்திருக்கிறார். ஊர் அதற்குள் அவரைத் தூக்கில் போட்டுவிட்டது.

சப்-இன்ஸ்பெக்டர் சகாயத்துக்கு ஊர் சொல்வதைக் கேட்டாலே எரிச்சல். வாத்தியாரைத் தனியே நிறுத்திக் கேட்டார்.

“தொதலை நீங்க தின்னியளா?”

“இல்லய்யா. எனக்குச் சர்க்கரை.”

“அவரு?”

“ரெண்டு துண்டு தின்னாரு. நல்லாத்தான் பேசிக்கிட்டு இருந்தாரு. புள்ளகுட்டிக்காரன்யா நான். ஒரு சொல்லுக்காக ஆளைக் கொல்லுவனா?”

“சட்டையைப் பிடிச்சது சொல்லுக்காகத்தானே?”

வாத்தியார் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

மீதித் தொதல் இலையோடு தரையில் கிடந்தது. பாதியைப் பூனை தின்றிருந்தது. தின்ற பூனை மதில்மேல் படுத்துச் சுகமாக வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

சகாயம் டிக்‌ஷனரியைப் புரட்டினார். விரித்த இடமெல்லாம் இடப்பக்கத்து மூலையில் மஞ்சள் அப்பியிருந்தது. வலப்பக்கத்து மூலைகள் சுத்தமாக இருந்தன. தொடக்கத்தில் ஒரு சில தாள்களில் மட்டும் வலப்பக்கத்திலும் கறை. சின்னச் சின்னதாக, ஊதா நிறத்தில்.

கீழே வந்து அடுப்படியைப் பார்த்தார். ராத்திரிப் பாத்திரங்கள் கழுவாமல் குவிந்து கிடந்தன. பால் கிளாஸ் ஒன்று மட்டும் கழுவிக் கவிழ்த்திருந்தது.

மாடிப்படியில் அலியாரின் மகள் நூர் நிஷா சுவரோடு ஒண்டிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் படிக்கும் பிள்ளை. எச்சில் தொட்டு எழுதும் பென்சிலால் விரலும் உதடும் ஊதாவாகியிருந்தன. அழுது ஓய்ந்த முகம்.

கூடத்து மெல்லிய திரைக்குப் பின்னால் அலியாரின் மனைவி சாலிஹா இருந்தாள்.

“அந்தப் பொஸ்தகத்தை நீங்க தொடுவியளாம்மா?”

“நான் எதுக்குத் தொடப் போறேன்? இங்கிலீசு எனக்கு என்ன தெரியும்? அரபுத்தமிழ்தான் ஓதியிருக்கேன்.”

தமிழை அரபு எழுத்தில், வலமிருந்து இடமாகப் படிப்பது. அந்தக் கரையில் பெண்களின் படிப்பு அதுதான்.

“சரி. அலமாரிச் சாவியைக் கொடுங்க.”

சொல்லிவிட்டுச் சகாயம் ஓசைப்படாமல் ஜன்னலோரம் நகர்ந்தார். திரைக்குள்ளிருந்து வந்த கை, அவர் முன்பு நின்ற இடத்தில் வெறும் காற்றுக்குச் சாவியை நீட்டியது. யாராவது வாங்குவார்கள் என்று அப்படியே நின்றது.

சகாயத்துக்கு மனசு கனத்துவிட்டது. கான்ஸ்டபிளைக் கூப்பிட்டார்.

“வாத்தியாரை வீட்டுக்கு அனுப்புய்யா.”

பிறகு திரையின் பக்கம் திரும்பினார்.

“அலியார் ஒரு சொல்லும் தேடலம்மா. தேடுனது நீங்க. இங்கிலீசுப் புத்தகத்தைப் படிக்கிறவன் முன்னாலருந்து புரட்டுவான், வலப்பக்கத்து மூலைதான் அழுக்காகும். இது பின்னாலருந்து புரட்டுன புத்தகம். அரபு ஓதுன கைப் பழக்கம். அதுலயும் மஞ்சள் அரைச்ச கை. அர்த்தம் தெரியாட்டியும் எழுத்தோட வடிவம் தெரிஞ்சாப் போதும், அரிசியில கல்லுப் பொறுக்குற மாதிரி பொறுக்கிடலாம். அப்படிப் பொறுக்கித்தான் உங்க கண்ணு போச்சு. மெல்லிசுத் திரைதான், ஆனா நான் நகர்ந்ததே உங்களுக்குத் தெரியல.”

சகாயம் திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

“தொதல்ல விசம் இல்ல, தின்ன பூனை உசுரோட இருக்கு. விசம் பால்ல இருந்துச்சு. அத்தனை பாத்திரமும் கிடக்க அந்த ஒரு கிளாஸை மட்டும் கழுவியிருக்கிய. நீங்கதான் கொடுத்திய.”

“ஆமா,” என்றாள் சாலிஹா. குரலில் நடுக்கமே இல்லை. “என் கண்ணு போனதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. எழுத்துக் கண்ணுக்குத் தெரியலன்னு சொன்னதுக்கு ஏசுனாக, பொறுத்துக்கிட்டேன். நேத்து விடியக்காலம் மாடிப்படி ஏறுறப்ப, அவுக ரூம்ல என் புள்ள எழுத்துக் கூட்டுற சத்தம் கேட்டுச்சு. என்னைய முடிச்சிட்டு அவளை உக்கார வச்சிட்டாகன்னு தெரிஞ்சிருச்சு. ஒரே புள்ளை. அவ கண்ணும் போகணுமா?”

“அவருகிட்ட கேட்டியளா?”

“கேக்கல. கேட்டா நிப்பாட்டவா போறாக?”

இதோடு விஷயம் முடிந்தது என்றுதான் சகாயம் நினைத்தார். படியிலிருந்து குரல் வந்தது.

“வாப்பா என்னையத் தேடச் சொல்லல உம்மா.”

எல்லோரும் திரும்பினார்கள். நூர் நிஷா எழுந்து நின்றிருந்தாள்.

“வாப்பாவுக்குத் தெரியவே தெரியாது. அவுக உங்களை ஏசுறப்ப எனக்கு அழுகையா வரும். அவுக அசந்து தூங்குறப்ப நானாத்தான் போய்த் தேடுவேன். கிடைச்ச பக்கத்துல, நீங்க வைக்கிற மாதிரியே ஈர்க்கு வச்சிட்டு வந்துருவேன். நீங்க கண்டுபிடிச்சதுன்னுதான் வாப்பா நினைச்சாக. முந்தாநாள்கூட, உங்க உம்மாவுக்குக் கண்ணு தெளிஞ்சிருச்சு போலன்னு சந்தோசப்பட்டாக.”

ஒன்றும் பேசாமல் விலங்கை மாட்டிக் கூட்டிப் போயிருக்கலாமே என்று சகாயம் தன்னையே நொந்துகொண்டார். வாத்தியாரைக் காப்பாற்றிய நிம்மதி அவருக்குத் துளியும் மிஞ்சவில்லை.

திரையை விலக்கிக்கொண்டு சாலிஹா வெளியே வந்தாள். முக்காடு சரிந்ததுகூடத் தெரியவில்லை அவளுக்கு.

“நூரு... உம்மாக்கிட்ட வாம்மா.”

நூர் நிஷா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு படி மேலே ஏறிக்கொண்டாள்.