விழுந்ததை எடுக்கிறவன்

காலையில் பெஞ்சுக்கு அடியில் உருண்டு போன வாஷர், மத்தியானம் தட்டில் இருந்தது.

சொரிமுத்து அதை முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தாராவிச் சந்துக்குள் ஒடுங்கிக் கிடந்த உதுமான் பாயின் மோட்டார் சைக்கிள் பட்டறையில் சாமான் விழுவதும் காணாமல் போவதும் என்ன புதிதா? தகரக் கூரையில் ஜூலை மழை மூச்சுவிடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்துத் தொட்டிகளில் ஊறும் தோலின் நாற்றமும், மண்ணெண்ணெய் வாடையும், ஈரச் சாக்கின் புழுக்கமும் சேர்ந்து தொண்டையில் படிந்தன. பகல் இரண்டு மணிக்கே உள்ளே விளக்குப் போட வேண்டியிருந்தது. இந்த இருட்டில் எதை எங்கே வைத்தோம் என்று யாருக்குத் தெரியும்?

வாஷரைக் கையில் எடுத்தபோதுதான் என்னவோ போலிருந்தது. அது துடைத்திருந்தது. ஒரு பொட்டு கிரீஸ் இல்லை. சொரிமுத்து பதினோரு வருஷமாக மெக்கானிக். ஒருநாளும் அவன் விழுந்ததைத் துடைத்து வைத்ததில்லை. அந்தப் பட்டறையில் அப்படிச் செய்கிற ஆள் ஒருவன்தான் இருந்தான். அவனை அடக்கம் பண்ணி நாலு மாதம் ஆகிவிட்டது.

ரஹ்மத்துல்லா. உதுமான் பாயின் தம்பி. மெலிந்த உடம்பு, முழங்காலைத் தொடுகிற மாதிரி நீளக் கை. பட்டறையின் வேலை பெஞ்சு ரயில் கட்டைகளை அடுக்கிச் செய்தது. நாலு பேர் சேர்ந்தாலும் நகராது. அதற்கும் தரைக்கும் நடுவே நாலு விரல் இடுக்கு. எது விழுந்தாலும் அதற்குள்தான் ஓடும். உடனே ரஹ்மத்துல்லா குப்புறப் படுப்பான். கன்னத்தைத் தரையோடு ஒட்டிவைத்து, நாக்கைப் பல்லிடுக்கில் கடித்துக்கொண்டு, அக்குள்வரை கையை உள்ளே விட்டுத் துழாவுவான்.

"எடுத்தாச்சு அண்ணாச்சி!" என்று எழுந்து, லுங்கி முனையில் துடைத்து, தட்டில் வைப்பான். "எம் பொண்டாட்டி கையப் பிடிச்சதவிட இந்தப் பெஞ்சுக்கு அடியில கைய விட்டதுதாம் ஜாஸ்தி. நீங்க போட்டுக்கிட்டே இருங்க, நான் எடுத்துக்கிட்டே இருக்கேன்."

தட்டு என்றால் எனாமல் தட்டு, விளிம்பில் நீலக் கோடு போட்டது, பெஞ்சை ஒட்டித் தரையில் கிடக்கும். வண்டியிலிருந்து கழற்றிய ஒவ்வொன்றும் அதில் விழ வேண்டும். மாட்டி முடித்ததும் தட்டு காலியாக இருக்க வேண்டும். தட்டு காலியானால் வண்டி வெளியே போகலாம். அது உதுமான் பாய் போட்ட சட்டம். அதற்கு மேல் ஒரு கேள்வி கிடையாது.

மறுநாள் ஒரு ஸ்குரூ இருந்தது. போன வாரம் தொலைந்தது. அதற்கு மறுநாள் ஒரு சின்ன ஸ்பிரிங். அது ஜூனில் தொலைந்தது, முதல் மழை பெய்த அன்று. பிறகு ஒரு நட்டு, மே மாத வெயிலில் சொரிமுத்து கெட்ட வார்த்தை சொல்லித் தேடி விட்டுவிட்டது. எல்லாம் துடைத்து, தட்டின் விளிம்பை ஒட்டி, வரிசையாக.

"பரவால்லியே, பெஞ்சுக்கு அடியெல்லாம் கூட்டிட்ட போல," என்றார் உதுமான் பாய்.

சொரிமுத்து ஆமாம் என்று தலையாட்டினான். தலையாட்டுவது அவனுக்கு இப்போது எளிதாகிவிட்டது. ஆனால் அன்று அவனால் சோறு தின்ன முடியவில்லை. ஜூலை, ஜூன், மே. சாமான்கள் தொலைந்த வரிசையில், பின்பக்கமாக நடந்து வந்துகொண்டிருந்தன.

மார்ச் மாதத்தில் தொலைந்தது ஒன்றே ஒன்றுதான்.

ஒரு காட்டர் பின். அரை விரல் நீளத்தில், இரண்டு கால் உள்ள கம்பி ஊசி. முன்சக்கர நட்டு கழன்றுவிடாமல் இருக்க, அதன் குறுக்கே செருகிக் கால்களை மடக்கிவிடுவார்கள். இரண்டு கைக்கும் வேலை இருக்கும்போது பின்னை உதட்டில் கவ்விக்கொள்வது சொரிமுத்துவின் பழக்கம். பட்டறையில் எல்லோருக்குமே அந்தப் பழக்கம் உண்டு. அன்றும் கவ்வியிருந்தான். வண்டி பட்டறையுடையது, ரஹ்மத்துல்லா அதில் செம்பூர் தாண்டி மான்குர்த்வரை போய் வரவேண்டும்.

"ஏல, முடிஞ்சுதா? ஜல்தி!" என்று வெளியிலிருந்து உதுமான் பாய் கத்தினார்.

"முடிஞ்சுது பாய்," என்று சொல்ல வாயைத் திறந்தான். பின் விழுந்தது. டிங். பெஞ்சுக்கு அடியில்.

ரஹ்மத்துல்லா குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். ஒரு குரல் கொடுத்திருந்தால் ஓடி வந்து எடுத்துக் கொடுத்திருப்பான். சொரிமுத்து தட்டைப் பார்த்தான். வாயில் இருந்தது தட்டின் கணக்கில் சேராது. தட்டு காலி. சாயங்காலம் வந்ததும் வேறொன்று போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தான்.

சாயங்காலம் வண்டி வரவில்லை. மான்குர்த் திருப்பத்தில் லாரிக்கு அடியில் கிடந்தது. சக்கரம் அப்பளமாக நொறுங்கிப் போயிருந்ததால் நட்டை யாரும் பார்க்கவில்லை. பழி போட வேறோர் ஆள் தயாராக இருந்தாள். அன்று காலையில் ரஹ்மத்துல்லாவின் மனைவி சைனப், "சாயங்காலம் அஸர் தொழுகைக்குள்ள வந்திருங்க, மாஹிம் தர்காவுக்குப் போவணும்," என்று சொல்லியனுப்பியிருந்தாள்.

"பொண்டாட்டி கூப்பிட்டான்னு பறந்திருக்கான். தின்னுட்டால்ல எந்தம்பிய," என்றார் உதுமான் பாய். சந்து முழுக்க அதையே சொன்னது. சொரிமுத்து தலையாட்டினான். முதல் தடவை கழுத்து வலித்தது. அப்புறம் வலிக்கவில்லை.

புருஷன் இறந்தவள் இருக்க வேண்டிய இத்தாவை சைனப் நாலு மாதம் பத்து நாள் இருந்தாள், பட்டறைக்குப் பின்னாலிருந்த ஒற்றை அறையில், திரைக்கு உள்ளே. வியாழக்கிழமை காலையோடு இத்தா முடிகிறது. வெள்ளிக்கிழமை ரயிலில் மேலப்பாளையத்துக்கு அனுப்பிவிட ஏற்பாடு. தாய் தகப்பன் இல்லை. புருஷனைத் தின்றவள் வருகிறாள் என்று கடிதம் அவளுக்கு முன்பே அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டது.

அந்த வியாழக்கிழமை மத்தியானம் பின் வந்தது.

தட்டின் நட்டநடுவில். துடைத்து. கால்கள் இரண்டும் நேராக, ஒருபோதும் மடக்காமல், ஒருபோதும் மாட்டப்படாமல். பார்க்கத் தெரிந்தவன் பார்த்தால் அதுவே சாட்சி. சொரிமுத்து அதை எடுத்து, வாசலில் கரைபுரண்டு ஓடிய சாக்கடையில் எறிந்தான். கைகழுவிவிட்டு உள்ளே வந்தான்.

தட்டில் பின் இருந்தது. ஈரமாக. துடைத்த கோடு அதன்மேல் இன்னும் காயவில்லை.

பெஞ்சுக்கு அடியில் துணி உரசும் சத்தம். யாரோ குப்புறப் படுக்கிறபோது லுங்கி தரையில் இழுபடுகிற சத்தம்.

பின்னால் காலடி. உதுமான் பாய். அவருக்குப் பின்னால், முக்காட்டை இழுத்துவிட்டபடி சைனப். சொரிமுத்துவின் கை தானாக வேலை செய்தது. பின்னை எடுத்து வாய்க்குள் போட்டுக்கொண்டான்.

"இவ ஒன்னு கேக்கணுமாம்," என்றார் உதுமான் பாய். "நாலு மாசமா ஒரே பாட்டு. நீயே சொல்லிரு. கேட்டுட்டு ரயில் ஏறட்டும்."

சைனப் அவனை நேராகப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே தோல் கருத்திருந்தது.

"அண்ணே, அவுக வெரசா ஓட்டுற ஆளு இல்ல. சைக்கிள்காரனுக்குக்கூட ஒதுங்கி வழி விடுவாக. அன்னைக்கு வண்டியில ஏதாவது கொறை இருந்துச்சா? ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க. நான் கூப்பிட்டதாலதான் போனாகளான்னு தெரியாம நான் எப்படிண்ணே ஊருல போயி உசுரோட இருப்பேன்?"

வாயைத் திறந்தால் பின் விழும்.

நாக்கின்மேல் இரும்பு கசந்தது. மழை இரைந்தது. துப்பிவிடலாம். அவள் கையிலேயே துப்பிவிடலாம். உதுமான் பாய் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சொரிமுத்து விழுங்கினான். தொண்டையைக் கீறிக்கொண்டு இறங்கியது.

"ஒரு கொறையும் இல்ல தாயி. தட்டு காலியாத்தான் இருந்துச்சு."

"கேட்டுக்கிட்டியா?" என்றார் உதுமான் பாய், அவளிடம்.

சைனப் தட்டைப் பார்த்தாள். "இப்பவும் காலியாத்தான்ணே இருக்கு," என்றாள். பிறகு போய்விட்டாள். டிக்கெட்டை மறக்காமல் எடுத்துக்கொள் என்று சொல்லியபடி உதுமான் பாயும் பின்னாலேயே போனார்.

மழை நின்றது. சொட்டு சொட்டாக இல்லை. குழாயை மூடியதுபோல் சட்டென்று. அந்த அமைதியில் சொரிமுத்துவுக்குத் தன் தொண்டை அசையும் சத்தம் கேட்டது. பின் நெஞ்சுக்குள் எங்கேயோ குறுக்காக நின்றது. பெஞ்சின்மேல் சாய்ந்து தரையில் உட்கார்ந்தான். மண்ணெண்ணெய் வாடை. அதற்கு அடியில் அத்தர். ரஹ்மத்துல்லாவின் உடலைக் குளிப்பாட்டி, கபன் துணி சுற்றும்போது போட்ட அத்தர்.

இடுக்கிலிருந்து விரல்கள் வந்தன.

நீளமான விரல்கள். அவசரம் இல்லை. தரையைத் தடவின. தட்டைத் தடவின. காலி. மறுபடி தரை. எதையோ தேடும்போது அவன் எப்போதும் செய்வதுபோல, விட்டு விட்டு, அங்குலம் அங்குலமாக. சொரிமுத்துவின் கால் கட்டைவிரலைத் தொட்டன. நின்றன.

கத்த வேண்டும். பற்கள் கிட்டித்துவிட்டன.

முழங்கால். வயிறு. நெஞ்சு. நெஞ்சில், பின் குத்திய இடத்தில், ஒரு விரல் மெல்லத் தட்டிப் பார்த்தது. டிங்.

கை முடியவில்லை. வந்துகொண்டே இருந்தது. அதற்குப் பின்னால் தோள். ஈரத்தலை. அவன் கன்னத்தோடு ஒரு கன்னம் வந்து ஒட்டியது, தரையைப் போலச் சில்லென்று. பல்லிடுக்கில் நாக்கு கடிபட்டிருந்தது. விரல்கள் அவன் உதட்டைக் கண்டுபிடித்தன. பல்லை மேலும் கீழுமாக விலக்கின. இதமாக. சாமானுக்கு வலிக்கக்கூடாது என்பதுபோல.

உள்ளே போயின.

மணிக்கட்டுவரை. முழங்கைவரை. அக்குள்வரை.

தட்டு பக்கத்திலேயே இருந்தது, லுங்கி முனையில் துடைத்து வைப்பதற்கு.