உள்பக்கம் மொட்டை

டெலிபோன் அலறியபோது ஸ்பிரிதோன் கொஸ்மா பாதி முகம் மட்டும் மழித்திருந்தார்.

காலை ஆறே முக்கால். நவம்பர். ஜன்னல் கண்ணாடி முழுக்க உறைபனி.

எடுத்தார்.

"பிக்காஸ் ஸ்டேஷன்லருந்து இன்ஸ்பெக்டர் ரலூக்கா பேசறேன். உங்க மகன் சில்வியு இங்க இருக்கார். நீங்க கொஞ்சம் வரணும்."

"என்ன பண்ணான்?"

"நோட்டரி எஃப்திமியே நேத்து சாயந்தரம் செத்துட்டார். ஏரிக்கரை வளைவுல கார் பாய்ஞ்சிருச்சு. காருக்குள்ள உங்க கடை முத்திரை வெச்ச பேப்பர் ஒண்ணு இருக்கு..."

ஸ்பிரிதோன் ரிசீவரை வைத்தார். மறுபாதி முகத்தையும் நிதானமாக மழித்தார். ஒற்றைக் கையாலேயே டை கட்டினார்.

ஒரு கொஸ்மா முதன்முறையாகப் போலீஸ் ஸ்டேஷன் படி ஏறப் போகிறார். தாடியோடு ஏறினால் அது வேறு அசிங்கம்!

ஸ்டேஷன் பின்கட்டில் அந்தக் கார் கிடந்தது. மூக்கு நசுங்கிப் போயிருந்தது. ஏரிக்கு மேலே ஒரு மரத்தில் சிக்கித் தொங்கியதாம். அந்த மரம் மட்டும் இல்லையென்றால் காரும் நோட்டரியும் நாற்பது மீட்டர் ஆழத்துக்குப் போயிருப்பார்கள்.

ரலூக்கா முப்பத்தைந்து வயதுக்காரி. ஒரு காகிதத்தை நீட்டினாள்.

சக்கர அலைன்மென்ட் அறிக்கை. மூன்று வாரத்துக்கு முந்தைய தேதி. எல்லா எண்களும் பச்சை நிறத்தில். கீழே வட்ட முத்திரை. 'கொஸ்மா. 1934 முதல்.'

"உங்க முத்திரைதானே, மேஸ்திரி?"

"எங்க அப்பா செய்ய வெச்ச முத்திரை."

"முன் டயர் ரெண்டையும் பாருங்க."

குனிந்து பார்த்தார். வெளிப்பக்கம் புத்தம் புதிது போல் இருந்தது. உள்பக்கம் கம்பி தெரிகிற அளவுக்கு மொட்டை! இடது டயர் வெடித்திருந்தது. வலது டயரில் மட்டும் காற்று இருந்தது.

மூன்று வாரத்துக்கு முன் வாங்கிய குளிர்கால டயர்கள். அலைன்மென்ட் செய்யாமலே செய்ததாகப் பேப்பர் கொடுத்திருக்கிறார்கள், கோணல் சக்கரம் டயரை உள்பக்கமாகத் தின்றுவிட்டது, முதல் உறைபனியில் பிடிமானம் போய்விட்டது என்று எழுதியிருந்தார் போலீஸ் நிபுணர்.

"பொய்!" என்றார் ஸ்பிரிதோன். "எங்க கடையில செய்யாத வேலைக்குப் பேப்பர் போகாது."

ரலூக்கா அவரைக் கூட்டிப் போனாள். உள்ளே பெஞ்சைக் காட்டினாள்.

நாற்பத்து நான்கு வயது சில்வியு தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

அலைன்மென்ட் மெஷினின் கேமரா அக்டோபரிலேயே செத்துவிட்டது. சில்வியு பழைய அறிக்கை ஒன்றை எடுத்து, வண்டி எண்ணை மட்டும் மாற்றி மாற்றி அச்சடித்திருக்கிறான். பத்தே நிமிடத்தில் ஒப்புக்கொண்டு அழுதும் விட்டான்.

"எத்தனை பேருக்குடா?" ஸ்பிரிதோன் சுவரைப் பார்த்துக் கேட்டார்.

"முப்பது... முப்பத்தஞ்சு இருக்கும்பா. குளிர்கால டயர் மாட்ட ஊரே ஒரே வாரத்துல வருது. மெஷினை ரிப்பேருக்கு அனுப்பினா எல்லாரும் எதிர்க் கடைக்குப் போயிருவாங்க..."

"போகட்டுமே."

"அப்பா..."

"போகட்டுமேடா. கடைதானே போயிருக்கும்."

அவர் காது மடல் சிவந்தது. கான்ஸ்டபிள் ஒருவன் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் அப்பன் காருக்கும் ஸ்பிரிதோனின் கைதான் அலைன்மென்ட் செய்தது. மதியத்துக்குள் ஊர் பூராவும் தெரிந்துவிடும். பலகையிலிருந்து கொஸ்மா என்ற பெயர் இறங்கும். போலிக் காகிதம் கொடுத்து ஆளைக் கொன்ற குடும்பம்!

செத்துவிடலாம் போலிருந்தது.

ஆனால் அந்த டயரை இன்னொரு முறை தொட்டுப் பார்க்காமல் சாக அவருக்கு மனம் வரவில்லை.

ரலூக்கா பின்னால் வர, பின்கட்டுக்குத் திரும்பிப் போனார். கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு மண்டியிட்டார். இரண்டு வருடம் முன் வந்த பக்கவாதத்தில் வலது கை போய்விட்டது. இடது கையால் டயரின் உள்ளோரத்தைத் தடவினார். ஒரு பக்கமாகத் தடவினார். மறுபக்கமாகவும் தடவினார்.

முகம் மாறியது.

"இன்ஸ்பெக்டரம்மா, கையைக் கொடுங்க. இங்க தடவுங்க. குத்துதா?"

"இல்ல. வழவழன்னு இருக்கு."

"திருப்பித் தடவுங்க."

"இப்பவும் வழவழன்னுதான்."

ஸ்பிரிதோன் எழுந்தார். முதுகு தானாக நிமிர்ந்தது.

"அலைன்மென்ட்ல நாங்க முக்கியமாத் திருத்தறது டோ. அதாவது சக்கரம் நேராப் பாக்குதா, வெளியே பாக்குதான்னு. அது கெட்டா சக்கரம் ரோட்டை இழுத்துத் தேய்ச்சுக்கிட்டே போகும். டயர் ரம்பம் மாதிரி பல்லு விடும். ஒரு பக்கம் தடவினா வழுக்கும், மறுபக்கம் குத்தும். இதுல பல்லே இல்ல. இது கேம்பர் தேய்மானம். சக்கரத்தோட தலை உள்ள சாஞ்சு நின்னா, உள்ளோரம் மட்டும் பாரம் சுமந்து இப்படி மழமழன்னு மொட்டையாகும்."

"சரி, இந்தக் காருக்குத் தலை சாஞ்சிருக்கும்."

"இந்தக் காருல அந்தச் சாய்வைத் திருத்தவும் வழி கிடையாது, கெடுக்கவும் வழி கிடையாது. ஸ்பிரிங்கை அறுத்து வண்டியைத் தரையோட தரையா இறக்கறானுங்களே, அந்தப் பசங்க வண்டியிலதான் இப்படித் தேயும். நோட்டரி ஸ்பிரிங்கை அறுத்தாரா?"

ரலூக்கா முதன்முறையாகச் சிரித்தாள். நோட்டரி சட்டைக் காலரைக்கூட மாற்றாத மனிதர்.

"அப்ப இது இந்தக் கார் டயரே இல்லன்னு சொல்றீங்க."

"அதேதான். அவரோட புது டயரைக் கழட்டிட்டு யாரோ இதை மாட்டியிருக்காங்க. கவனக்குறைவு இல்லம்மா, கொலை. எங்க பேப்பருக்கும் சாவுக்கும் சம்பந்தம் இல்ல."

தலைமுறை மானம் திரும்பி வந்துவிட்டது. ஸ்பிரிதோன் கோட்டை எடுத்து மாட்டினார்.

"எங்கருந்து வந்த டயரா இருக்கும்?" என்றாள் ரலூக்கா சாதாரணமாக.

ஒரு கை கோட்டுக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக அவர் நின்றுவிட்டார்.

டயரின் நடுவில் ஒரு பஞ்சர் அடைப்பு. சிவப்பு ரப்பர். அதை அவர் செப்டம்பரில் பார்த்திருக்கிறார். ஸ்பிரிங் அறுத்த ஒரு பயல் கழற்றிப் போட்டுவிட்டுப் போனது. எங்கே?

கொஸ்மா கடையின் பின்புறக் குப்பைக் குவியலில்!

சொல்லாமல் இருக்கலாம். யாருக்கும் தெரியாது. ஆனால் டை கட்டிக்கொண்டு பொய் சொல்ல அவருக்குப் பழக்கமில்லை.

சொன்னார்.

ரலூக்கா நேரே உள்ளே போனாள். அதட்டல் கேட்டது, அழுகை கேட்டது. ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தாள். நோட்டரி வெள்ளிக்கிழமை கடைக்கு வந்திருக்கிறார். தன் அறிக்கையும் பக்கத்து வீட்டுக்காரர் அறிக்கையும் கையில். இரண்டிலும் புள்ளிக்குப் பின்னால்கூட ஒரே எண்கள். காரை விட்டுப் போகிறேன், ஒழுங்காகச் செய்து வையுங்கள், திங்கட்கிழமை இரண்டு பேப்பரும் நுகர்வோர் அலுவலகத்துக்குப் போகும், கோயில் கதவிலும் ஒட்டுவேன் என்று வாடிக்கையாளர்கள் முன்னாலேயே கத்தியிருக்கிறார். சனிக்கிழமை மாலை காரை எடுத்துக்கொண்டு போனவர் வளைவைத் தாண்டவில்லை.

சில்வியு இதை அப்பாவிடம் மறைத்துவிட்டான்.

"கவனக்குறைவுன்னா உங்க மகன் ரெண்டு வருஷத்துல வெளிய வந்திருப்பார். நீங்க கொலைன்னு நிரூபிச்சுட்டீங்க, மேஸ்திரி."

பெற்ற மகனின் கழுத்தில் தன் கையாலேயே சுருக்கு மாட்டியாகிவிட்டது. ஸ்பிரிதோன் காரின் சக்கரத்தையே வெறித்துப் பார்த்தார்.

அப்போதுதான் அது கண்ணில் பட்டது.

வலது ரிம்மின் உள்பக்கம். பளபளவென்று இரண்டு வெயிட் கட்டிகள். சக்கரம் அதிராமல் சுற்ற ஒட்டுகிற கட்டிகள். இரண்டின் மூலையும் சாய்வாக நறுக்கப்பட்டு, ஒட்டிய இடம் துடைத்துச் சுத்தமாக இருந்தது.

கொலைகாரன் மொட்டை டயரை மாட்டிவிட்டு, அதற்கு பேலன்சிங்கும் செய்திருக்கிறான்! சாகப் போகிறவனுக்கு ஸ்டியரிங் நடுங்கக் கூடாதாம்!

"இதை என் மகன் செய்யல."

"எப்படிச் சொல்றீங்க?"

இருபது வருடமாக ஊரில் எவன் கேட்டாலும் அவர் சொன்னது ஒன்றுதான். என் மகன் என்னை விடக் கெட்டிக்காரன். கல்யாணங்களில் சொன்னார், ஞானஸ்நானங்களில் சொன்னார், பாதிரியாரிடமும் சொன்னார். கான்ஸ்டபிள் பின்கட்டு வாசல் வரை வந்து கேட்டுக்கொண்டு நின்றான்.

"அவனுக்கு..." கான்ஸ்டபிளுக்கு முதுகைத் திருப்பினார். "அவனுக்கு வேலை தெரியாது."

உள்ளே கேட்ட அழுகை நின்றது.

"பேலன்சிங்ல பத்து கிராம் பிசகை மிச்சம் வெச்சுட்டுப் போதும்னு அனுப்பிடுவான். எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தேன். இந்தச் சக்கரத்தை மெஷின்ல போடுங்க. பிசகு சைபர்னு காட்டினா அது அவன் கை இல்ல."

சக்கரத்தைக் கழற்றி ஜீப்பில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனார்கள்.

ஷட்டர் திறந்திருந்தது. மருமகள் மார்செலா கம்பளிச் சட்டையோடு வாசலில் நின்றாள். கணவனுக்குக் கொண்டுபோக சாப்பாட்டுத் தூக்கு தயாராக இருந்தது. பதினோரு வருடமாக அந்தக் கடையில் அவள் வேலை காபி போடுவதும் பில் எழுதுவதும்தான். ரிம் பிடிக்கிற கை பெண் கை இல்லை என்பது ஸ்பிரிதோன் போட்ட சட்டம்.

"அவரை விட்டுருவாங்களா, மாமா?"

"பாக்கலாம். நீ காபி போடு."

கான்ஸ்டபிள் சக்கரத்தை பேலன்சிங் மெஷினில் ஏற்றினான். கோணலாக நின்றது. மறுபடி ஏற்றினான். மறுபடியும் கோணல். ஸ்பிரிதோனின் வலது கை செத்துத் தொங்கியது.

"கோனை உள்பக்கமாப் போடணும்," என்றாள் மார்செலா.

கான்ஸ்டபிள் விழித்தான்.

அவள் காபிக் கோப்பையை வைத்தாள். சக்கரத்தை வாங்கினாள். முழங்காலால் ஒரு தாங்கு, இடது கையால் சக்கரத்தை நடுவில் நிறுத்துகிற கோன், வலது கையால் நட்டு. அரைத் திருப்பு தளர்த்தி, சக்கரத்தைச் சற்று உருட்டி, மறுபடி இறுக்கினாள்.

அந்த அரைத் திருப்பு! ஸ்பிரிதோன் அதை எவனுக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. காபி கொண்டுவந்து வைத்துவிட்டு ஒரு நிமிடம் நின்று பார்த்துப் போன கண்களை அவர் கணக்கிலேயே எடுக்கவில்லை.

மூடியை இறக்கினாள். சக்கரம் சீறிச் சுற்றி நின்றது.

திரையில் இரண்டு எண்கள்.

சைபர். சைபர்.

ரலூக்கா திரையைப் பார்க்கவில்லை. மார்செலாவின் கைகளைப் பார்த்தாள்.

"நல்லாக் கத்துக்கிட்டிருக்கீங்க."

"யாரும் கத்துக்குடுக்கல. பாத்தேன்." மார்செலா இடுப்பில் கட்டிய துணியில் கையைத் துடைத்தாள். "அந்தாளு கோயில் கதவுல ஒட்டுவேன்னாரு, மாமா. உங்க அப்பா பேரை. சில்வியு உள்ள போய் அழுதுக்கிட்டிருந்தாரு. நீங்க தினமும் சாப்பாட்டு மேஜையில சொல்லுவீங்கல்ல, உயிர் போனாலும் பேர் போகக் கூடாதுன்னு."

"என் உயிரைச் சொன்னேம்மா."

"யார் உயிருன்னு நீங்க சொன்னதே இல்ல."

ஸ்பிரிதோன் பெஞ்சில் உட்கார்ந்தார். டை கழுத்தை இறுக்கியது.

கார் ஏரிக்குள் போய்விடும் என்று நினைத்தாளாம். அந்த மரத்தை அவள் எதிர்பார்க்கவில்லை. அலைன்மென்ட் மெஷின் ஓடாததால் நூல் கட்டி அலைன்மென்ட்டைச் சரியாகவே செய்து வைத்தாளாம். கடைசியில் போகிற வண்டி கோணலாகப் போகக் கூடாதே.

"எல்லாம் சரி," என்றாள் ரலூக்கா. "மொட்டை டயருக்கு எதுக்குங்க பேலன்சிங்? அதைச் செய்யலன்னா பிடிபட்டே இருக்க மாட்டீங்க."

மார்செலாவுக்குக் கேள்வியே விசித்திரமாகப் பட்டது.

"பேலன்ஸ் பண்ணாத சக்கரம் கொஸ்மா வாசலைத் தாண்டக் கூடாதுங்க."

மாமனார் சொன்ன வாக்கியம். எழுத்துப் பிசகாமல்.

ஸ்பிரிதோனுக்கு அழுகை வரவில்லை. அதைவிடக் கேவலமான ஒன்று வந்தது. திரையில் இருந்த இரண்டு சைபர்களைப் பார்த்தபோது, ஒரு நொடி, ஒரே ஒரு நொடி... பெருமையாக இருந்தது! தன்னையே அருவருத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

திறந்தபோது அவளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எதிர்க் கடை வாசலில் ஆறேழு பேர். அவர் எழுந்து, அத்தனை பேரும் பார்க்க, ஜீப்பருகே போய், சாப்பாட்டுத் தூக்கை அவள் மடியில் வைத்தார். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஜீப்பின் முன் டயரைப் பார்த்தார்.

"இன்ஸ்பெக்டரம்மா," என்றாள் மார்செலா உள்ளிருந்து. "உங்க ஜீப்புக்கு முன் டயர் வெளியோரம் தேயுது. பல்லு விட்டிருக்கு. டோ சரி பண்ணிருங்க, இல்லன்னா பிப்ரவரி வரைக்கும் தாங்காது."

ரலூக்கா ஸ்பிரிதோனைப் பார்த்தாள்.

"சரி பண்ணணுமாம். எங்க விடறது, மேஸ்திரி?"

ஸ்பிரிதோன் கொஸ்மா தலைக்கு மேல் தொங்கிய பெயர்ப் பலகையை அண்ணாந்து பார்த்தார். பிறகு முதுகை நிமிர்த்தி, வாழ்க்கையில் முதன்முறையாக, இடது கையைத் தெருவுக்கு எதிர்ப்பக்கம் நீட்டினார்.

"அங்க விடுங்கம்மா. அவனுங்க ஒழுங்கா பேலன்ஸ் பண்ண மாட்டானுங்க... ஆனா உயிரோட வீடு போய்ச் சேரலாம்."