நாற்பதில் ஆறுதான் மிச்சம்!

போன் அலறியது.

ஷோபா அடுப்பைத் தணித்துவிட்டு, ஈரக் கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு ஓடினாள். திரையில் சுரேஷ்பாபு என்று பெயர். அவளுடைய மேனேஜர். ரேணிகுண்டா விமான நிலையத்தில் 'விஹங்கா ஏர்' கம்பெனி கவுண்டரில் அவள் டிக்கெட் பார்க்கிறாள். அவர் அவளைப் பார்த்து முறைக்கிறார். டியூட்டி இல்லாத நாளில் அந்த மனிதர் கூப்பிட்டால் நல்லதுக்கு இருக்காது.

"சொல்லுங்க சார்..."

"ஷோபாம்மா... வேதாச்சலம் சாரைக் கொன்னுட்டாங்க! தேவுடா... தேவுடா...!"

"என்ன சார் சொல்றீங்க?!"



வேதாச்சலம் என்றால் சும்மா ஆள் இல்லை. விஹங்கா ஏர் எந்த விமானத்தை வாங்கலாம், எதை வாங்கக்கூடாது என்று டெல்லியில் உட்கார்ந்து முடிவு செய்கிற பெரிய தலை. சொந்த ஊர் புத்தலப்பட்டு. அங்கே மாந்தோப்புக்கு நடுவே அவருக்கு ஒரு வீடு. மாம்பழ சீஸன் வந்துவிட்டால் தலை போகிற வேலை இருந்தாலும் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவார்.

"நேத்து சாயங்காலம் நடந்திருக்கும்மா. வாச்மேன் தோப்புக்குள்ள போயிருக்கான். திரும்பி வந்து பார்த்தா ஹால் முழுக்க ரத்தம்! யாரோ ஒரு பையன் காம்பவுண்டு ஏறிக் குதிச்சு ஓடினானாம். முதுகுதான் தெரிஞ்சுதாம்."

"வேற அடையாளம் எதுவும்...?"

"தலை நெறைய சுருட்டை முடின்னு சொல்றான்."

ஷோபாவின் கண் அவளைக் கேட்காமலே சுவரில் மாட்டியிருந்த கல்யாண போட்டோவுக்குப் போனது. மாலையும் கழுத்துமாகச் சிரித்துக்கொண்டிருந்தான் கிஷோர்... தலை நிறைய சுருட்டை முடியோடு!

சே! ஊரில் சுருட்டை முடிக்கா பஞ்சம்? தன்னையே திட்டிக்கொண்டாள்.

"இன்னொரு விஷயம்மா. வெளியில மூச்சு விடாதே. இன்னிக்கு மத்தியானம் டெல்லியில அறிவிக்கப் போறாங்க. புது ப்ளேன் ஆர்டரைக் குறைச்சுட்டாங்க. நாப்பது இல்ல... ஆறு!"

"ஆறா?!"

"பேங்க் கையை விரிச்சுடுச்சு. இருக்கற ப்ளேனுக்கே வாடகை கட்ட முடியாம தவிச்சுக்கினு இருக்கோம், இதுல புதுசா நாப்பதுக்கு எங்க போறது? சரி, இன்ஸ்பெக்டர் கூப்பிடறாரு. வெக்கறேன்."

லைன் கட்டானது. ஷோபா போனைப் பிடித்தபடியே நின்றாள்.

ஆறு!

அவளுக்கு அது வெறும் எண் இல்லை. கிஷோர் பைலட். பறக்க லைசென்ஸ் வாங்கி, பயிற்சி முடித்து, விஹங்கா ஏர் அவனைத் தேர்ந்தெடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. 'புது ப்ளேன் வந்ததும் கூப்பிடுகிறோம்' என்றார்கள். ப்ளேன் வரவில்லை. அவர்களும் கூப்பிடவில்லை. தைத்து வைத்த வெள்ளை யூனிஃபார்ம் பீரோவிலேயே கிடந்தது. அதைப் போட்டுக்கொண்டு அவன் ஒரே ஒரு தடவை விமானத்தில் ஏறுவதைப் பார்த்துவிட வேண்டும். ஷோபாவுக்கு உலகத்தில் வேறு ஆசை எதுவும் கிடையாது.

நேற்றுக் காலை, "சித்தூர் போய் அம்மாவைப் பாத்துட்டு வரேன்" என்று பைக்கை எடுத்துக்கொண்டு போனவன். இன்னும் திரும்பவில்லை. போன் ஸ்விட்ச் ஆஃப்.

காலிங்பெல் அடித்தது!

ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

வாசலில் கிஷோர்.

தலையில் ஒரு முடிகூட இல்லை! பளபளவென்று மொட்டை. அதில் அப்பிய சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது.

"இன்னாங்க இது?!"

"மலைக்குப் போயிருந்தேன். வேண்டுதல்." அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் உள்ளே நுழைந்தான். "பாதி வழியில மனசு மாறிடுச்சு. சித்தூர் போகல. மொட்டை போட்டுக்கினு, சாமி பாத்துட்டு வரேன்."

"நேத்து சாயங்காலம் எங்க இருந்தீங்க?"

"அதான் சொல்றேனே... மலையில. கியூவுல நின்னுக்கினு இருந்தேன்."

அப்பாடா!

ஷோபாவுக்கு நெஞ்சிலிருந்து பாறாங்கல் இறங்கியது. மலையில் இருந்தவன் புத்தலப்பட்டில் எப்படி இருப்பான்? வாச்மேன் பார்த்தது வேறு எவனையோ! சந்தோஷம் தாங்கவில்லை அவளுக்கு.

"ஏழுமலையானே!" என்று கும்பிடக் கையைத் தூக்கினாள்.

தூக்கிய கை பாதியில் நின்றது.

போன கார்த்திகையில் கிஷோரின் நைனா செங்கல்வராயன் காலமானார். அப்பனைப் பறிகொடுத்த பிள்ளை வருஷம் திரும்பும்வரை மலை ஏறக்கூடாது. அவர்கள் பக்கத்தில் அதில் இம்மியும் பிசக மாட்டார்கள். சமையலறை ஜன்னலைத் திறந்தால் மலை தெரிகிற வீடு இது. இருந்தும் இந்த ஆறு மாதமாக இரண்டு பேரும் மலையடிவாரத்து அலிபிரியைத் தாண்டியதில்லை. போன மாசம்கூட மலைமேல் நடந்த ஒரு கல்யாணத்துக்குப் போகாமல், மொய்க் கவரைக் கீழேயே ஒருத்தரிடம் கொடுத்தனுப்பினார்கள்.

"ஏங்க..." கும்பிடத் தூக்கிய கையை இறக்கினாள். "மாமாவுக்கு இன்னும் வருஷம் திரும்பலியே...?"

கிஷோர் சட்டென்று நின்றான்.

அவன் முகத்தில் ஓடியது பயம். 'ஐயோ, இதை எப்படி மறந்தேன்!' என்கிற பயம். பொய்க்கு ஓர் இடம் தேடிய அவசரத்தில், பெற்ற நைனா செத்துப்போனதையே மறந்திருந்தான் பாவி!

"எங்க போட்டீங்க இந்த மொட்டையை? என்னைப் பாத்துச் சொல்லுங்க!"

"வர்ற வழியில பாகாலாவுல... ஒரு சலூன்ல..."

"அப்ப புத்தலப்பட்டுல..."

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"வேலையைக் கேக்கத்தான் போனேன் ஷோபா! சத்தியமா அதுக்குத்தான் போனேன்! ஆர்டரைக் குறைக்கறாங்கன்னு பசங்க பேசிக்கினாங்க. பாக்கணும்னு போன் பண்ணேன். 'நாளைக்கு வா'ன்னாரு. என்னால நாளைக்கு வரைக்கும் தாங்க முடியல."

"சரி... போனீங்க..."

"மாம்பழம் துன்னுக்கினு இருந்தாரு. 'நாப்பது ஆறாயிடுச்சு கிஷோரு'ன்னாரு. சொல்லிட்டு சிரிச்சாரு ஷோபா! என் பொழப்பு போயிக்கினு இருக்குது... அந்தாளு சிரிக்கறாரு! மேஜை மேல ப்ளேன் பொம்மை ஒண்ணு இருந்துது. பித்தளை. கையில எடுத்ததுதான் தெரியும்..."

"போதும்!"

ஷோபா காதைப் பொத்திக்கொண்டாள். அழுகைகூட வரவில்லை. ராத்திரி வயிறு சரியில்லை என்றால் அவளைத்தான் எழுப்புவான். கரப்பான்பூச்சியைக்கூட அடிக்கத் தெரியாமல் துடைப்பத்தை அவள் கையில் கொடுப்பான். இந்த மனுஷன் ஒருத்தரைக் கொன்றுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறான்! வெறுக்க வேண்டும் என்று நினைத்தாள். முடியவில்லை. அது அவளுக்கே கேவலமாக இருந்தது.

"எங்கயாவது போயிடலாமா ஷோபா?"

"எங்க போறது?"

 ஓட்ட விமானம் இல்லாத பைலட்டுக்கு ஓடவும் இடம் இல்லை!

வாசலில் ஜீப் வந்து நின்றது.

"வாயே திறக்காதீங்க!" அவள் கிசுகிசுத்தாள். "எதைக் கேட்டாலும் நான் பேசிக்கறேன்."

இன்ஸ்பெக்டர் தமிழரசு ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். போலீஸ்காரர் ஷூவைக் கழற்றினால் இன்னும் பயமாக இருக்கும் என்று ஷோபாவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பின்னால் சுரேஷ்பாபு. அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

"பயப்படாதம்மா. வேதாச்சலம்கிட்ட நேத்து போன்ல பேசினவங்க எல்லாரையும் பாத்துக்கினு வரோம். உங்க வீட்டுக்காரர் நம்பரும் இருந்துது. அதான்."

"வேலை விஷயமா பேசினாரு சார்."

"நேத்து எங்க இருந்தாரு?"

"மலையில சார். காலையிலயே போயிட்டாரு. இப்பத்தான் வந்தாரு."

தமிழரசு கிஷோரின் தலையைப் பார்த்தார். நிதானமாக, சந்தையில் தேங்காய் வாங்குகிறவர் மாதிரி.

"புது மொட்டை!"

"வேண்டுதல் சார்."

"நான் நகரிக்காரன்மா. எங்கப்பா தறி ஓட்டிப் படிக்க வெச்சாரு. நம்ம பக்கத்துல மொட்டையைப் பாத்தா ஒண்ணு கேக்காம இருக்க மாட்டோம். சாமிக்குப் போட்டதா... சாவுக்குப் போட்டதா?"

"சா... சாமிக்குத்தான் சார்."

"நல்லது. மாமனார் மாமியாரு எல்லாம் சௌக்கியமா?"

சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் ஷோபாவுக்கு வியர்த்துக் கொட்டியது. இல்லை என்று சொன்னால் 'எப்போ?' என்பார். போன கார்த்திகை என்றால், நகரிக்காரருக்கு அதற்கு மேல் விளக்கவே வேண்டாம். மலையும் பொய், மொட்டையும் பொய் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

"சௌக்கியம் சார்."

"மாமனார்?"

"இருக்காரு சார். சித்தூர்ல. நல்லா இருக்காரு."

செத்த மனிதனை ஒரே வார்த்தையில் எழுப்பி உட்கார வைத்துவிட்டாள்! படுக்கையில் கிடந்த கடைசி நாளில் அவள் ஊட்டினால்தான் கஞ்சி குடிப்பேன் என்று அடம்பிடித்தவர். 'மன்னிச்சிடுங்க மாமா' என்று உள்ளுக்குள் கும்பிட்டுக்கொண்டாள்.

தமிழரசு எழுந்தார்.

"சரிம்மா. எதுக்கும் ரெண்டு நாள் ஊர்லயே இருக்கச் சொல்லு."

அவர் வாசலை நோக்கித் திரும்பினார். ஷோபா மூச்சு விட்டாள். அவ்வளவுதான்... முடிந்தது... இன்னும் இரண்டு எட்டு...

"ஏமிம்மா ஷோபா?"

சுரேஷ்பாபு! கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்துவிட்டு, ஒன்றும் புரியாதவராக அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கார்த்திகையில லீவு போட்டியே... மாமனார் போயிட்டாருன்னு! நானே சித்தூருக்கு மாலை வாங்கிக்கினு வந்தேனே! கிஷோரு கொள்ளி வெச்சானே!"



என்ன செய்துவிட்டோம் என்று அந்த நல்ல மனிதருக்குத் தெரியவில்லை. சாவுக்கு வந்து போனதைச் சொன்னார், அவ்வளவுதான்.

தமிழரசு திரும்பி வந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, மறுபடியும் உட்கார்ந்தார்.

"சொல்லும்மா. வருஷம் திரும்பாத வீட்டுல... மலையா?"

ஷோபா வாயைத் திறந்தாள். எந்தப் பொய்யும் வரவில்லை. இருந்த ஒரு பொய்யும் செலவாகிவிட்டது. இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள், சுரேஷ்பாபுவைப் பார்த்தாள், பிடித்துக்கொள்ள எதுவும் கிடைக்காமல் சுவரில் சாய்ந்தாள்.

"அவளை விட்டுடுங்க சார்." கிஷோர் எழுந்து நின்றான். "நான்தான் அடிச்சேன்."

"கிஷோரு! ஏன்டா? சார் உன்னை இன்னாடா பண்ணாரு?" சுரேஷ்பாபு கத்தினார்.

"ஆறு ப்ளேன்தான்னு சொல்லிட்டு சிரிச்சாரு சார்! ஆறுல எனக்கு ஏது இடம்? என் கதை முடிஞ்சுபோச்சுன்னுதான்..."

"யாருடா சொன்னது இடம் இல்லன்னு?!"

சுரேஷ்பாபு தலையில் அடித்துக்கொண்டார். அழுகையும் கோபமும் சேர்ந்து தமிழும் தெலுங்கும் கலந்து வந்தது.

"நேத்து மத்தியானம் என்கிட்ட பேசினாருரா! ஆறு ப்ளேனுக்கு எடுத்த பைலட்டுல மொதல் பேரு நீதான்டா! மன ஜில்லா பையன், நம்ம ஊர்ப் பையன், நைனா இல்லாதவன்னு சொல்லி டெல்லியில சண்டை போட்டு வாங்கினாருரா! 'நீ சொல்லிடாதே சுரேஷ்... நாளைக்கு வரச் சொல்லியிருக்கேன். நானே சொல்றேன். அவன் மூஞ்சியைப் பாக்கணும்'னு... காலையில போன்லயே உன் பொண்டாட்டிக்குச் சொல்ல வாயெடுத்தேன். சாவு சேதியோட சேத்துச் சொல்ல மனசு வரல. நேர்ல சொல்லத்தான் இவரோட ஜீப்புல ஏறி வந்தேன்!"

கிஷோர் அசையவில்லை. வாய் மட்டும் லேசாகத் திறந்திருந்தது. மொட்டைத் தலையில் காய்ந்த சந்தனம் கொஞ்சம் பெயர்ந்து சட்டைமேல் விழுந்தது. அதைத் தட்டிவிடக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

ஷோபாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. யாருக்காக என்று அவளுக்கே தெரியவில்லை. மாம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு சந்தோஷமாகச் சேதி சொல்ல ஆரம்பித்த அந்தப் பெரிய மனிதருக்காகவா? ஒரு நிமிஷம் பொறுக்கத் தெரியாத இவனுக்காகவா? அடக்க முடியாமல் அழுதாள். யாரும் அவளை அழாதே என்று சொல்லவில்லை.

கான்ஸ்டபிள் விலங்கோடு உள்ளே வந்தார்.

"சார்..." ஷோபா கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்ஸ்பெக்டர் முன்னால் வந்து நின்றாள். கேட்க அவளிடம் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். "நேத்துலேர்ந்து பச்சைத் தண்ணி குடிச்சிருக்க மாட்டாரு. தோசை ஊத்தறேன். ரெண்டு துன்னுட்டு வரட்டுமா சார்?"

தமிழரசு அவளைப் பார்த்தார். கான்ஸ்டபிளைக் கையமர்த்தினார். தொப்பியை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"ஊத்தும்மா. ஆனா சீக்கிரம் ஊத்து... உங்க கம்பெனி ப்ளேன் மாதிரி இல்ல, எங்க ஜீப்பு டயத்துக்குக் கிளம்பிடும்!"