பொனற்றின் சூடு

நவம்பர் மாதத்தில் மாலை ஆறு மணி என்றால், அவர்கள் புலம்பெயர்ந்து வாழும் வில் என்ற நகரில் இரவுதான். வேலையால் வந்த தில்லைநாதன் வழக்கம்போல நேரே வீட்டுக்கு ஏறாமல் கட்டடத்தின் நிலக்கீழ் கராஜுக்குள் இறங்கினார். அங்கே விளக்குகள் ஏதாவது அசைந்தால் மட்டுமே எரியும். அவர் கதவைத் திறக்குமுன்னரே அவை எரிந்துகொண்டிருந்தன. அயலவர் யாரோ இப்போதுதான் வந்து போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டு, கடைசி மூலையில் நின்ற தன் சின்னக் காரிடம் போய், எஞ்சினை மூடிய பொனற்றில் உள்ளங்கையை வைத்தார். சூடாக இருந்தது.

அந்தக் கார் மூன்று வாரமாக நகரவில்லை. எஞ்சின் மாற்றிய காரைப் பரிசோதனைக்குக் காட்டி அனுமதி எடுக்கும்வரை தெருவில் இறக்கக்கூடாது. அதனால் இலக்கத்தகடுகள் இரண்டும் மேலே வீட்டுக் குசினியில் இழுப்பறை லாச்சிக்குள் கிடந்தன. கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தார். கராஜின் மறுகோடியில் தண்ணீர்க் குழாய் ஒன்று டொக் டொக் என்று சத்தமிட்டது, பெற்றோல் மணத்தோடு ஈரமண் மணமும் லேசாக வந்தது, தலைக்கு மேலே எரிந்த விளக்கு அவர் அசையாமல் நின்றதால் பட்டென்று அணைந்தது. அவர் இருட்டில் தடவித் தடவிப் படிக்கு வந்தார்.

வாங்கிய காலத்தில் அந்தக் காருக்குள் இருந்தது சின்ன எஞ்சின். "அப்பா, உங்கட கார் தையல் மெசின் மாதிரிக் கத்துது" என்று மகன் ஜெனுசன் பகிடி பண்ணுவான். அவன் கார் மெக்கானிக். அவனுடைய பெரிய காருக்கு ஆறு சிலிண்டர், தெருமுனையில் வரும்போதே வீட்டுக் கண்ணாடி அதிரும். "ஒரு நாளைக்கு என்ர எஞ்சினை உங்கட காருக்குப் போட்டுக் காட்டுறன் பாருங்கோ" என்பான். "போட்டா என்ர கார் மூக்குக் குத்தி விழும்" என்று இவர் சிரிப்பார்.

ஒரு வருடத்துக்கு முன், 2016 நவம்பரில் ஒரு நாள், வேலைக்குப் பஸ்ஸிலேயே போய்வரும் தில்லைநாதன் தொழிற்சாலை வாசலில் ஐந்து பன்னிரண்டு பஸ்ஸைத் தவறவிட்டார். அடுத்த பஸ்ஸுக்கு அரை மணித்தியாலம் நின்றிருக்கலாம். நிற்கவில்லை. குளிருக்குப் பயந்து மகனுக்குப் போன் அடித்தார். "கெதியா வா தம்பி" என்றார். "அஞ்சு நிமிசம் அப்பா, வாறன்" என்றான் அவன். வரும் வழியில் பனிமூட்டத்தில் அவனுடைய பெரிய கார் வழுக்கி, பக்கவாட்டாக ஒரு மரத்தில் மோதியது. அவன் இருந்த பக்கம் முழுக்க நொறுங்கிப்போயிருந்தது. எஞ்சினில் ஒரு கீறல்கூட இல்லை.

அந்த அநியாயத்தைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. இருபத்துமூன்று வயதுப் பிள்ளை போய்விட்டான், ஒரு இரும்புக் கட்டி அப்படியே இருக்கிறது. கார் உடைக்கும் இடத்தில் கெஞ்சி மன்றாடி அதை வாங்கினார். ஜெனுசனின் கூட்டாளி பிருந்தன் மாதக்கணக்கில் மினக்கெட்டு, சின்னக் காரின் முன்பக்கத்தை வெட்டி ஒட்டி, முன் சுருள்வில்களை மாற்றி, இடம் போதாமல் பற்றரியைப் பின் டிக்கிக்குக் கொண்டுபோய், அதைப் பொருத்தினான். முதல்முறை ஸ்ரார்ட் பண்ணியபோது கராஜ் முழுக்க அந்தப் பழைய உறுமல் நிறைந்தது. மனைவி ராஜேஸ்வரி சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மகள் ஹரிஷா சிரித்தாள், பிறகு அவளும் அழுதாள். தில்லைநாதன் பொனற்றில் கை வைத்து, அது குளிரும்வரை நின்றார்.

"சூடோ?" என்றான் பிருந்தன், அன்றிரவு தில்லைநாதன் போனில் விசயத்தைச் சொன்னதும். "சும்மா இருங்கோ அங்கிள். பற்றரி வயரையே நான் கழட்டித்தானே வைச்சிருக்கிறன். அது எப்பிடி ஸ்ரார்ட் வரும்?"

மறுநாள் மாலையும் விளக்குகள் அவருக்கு முன்னரே எரிந்துகொண்டிருந்தன. நான்கு சில்லுகளும் நனைந்திருந்தன. வாசல் சரிவிலிருந்து அந்த மூலைவரை சீமெந்தில் இரண்டு ஈரக்கோடுகள் வந்து முடிந்தன. முன்சில்லில் பழுத்த இலையொன்று ஒட்டிக்கொண்டிருந்தது, இந்தக் கட்டடத்தைச் சுற்றி அப்படி ஒரு மரமே இல்லை. டிக்கியைத் திறந்து பார்த்தார். பற்றரி வயர் கழன்றபடியே கிடந்தது. கதவைத் திறந்தபோது, சாரதி இருக்கை பின்னால் கடைசிவரை தள்ளப்பட்டிருந்தது. தில்லைநாதன் கட்டை. ஜெனுசன் ஆறடி இரண்டு அங்குலம்.

அவருக்கு முதலில் வந்தது பயமில்லை. வெட்கத்தை விட்டுச் சொன்னால், சந்தோசம். பயம் பிறகுதான், படியில் ஏறும்போது வந்தது.

சோறு போட்டுக்கொண்டே ராஜேஸ்வரி கேட்டாள். "இஞ்சேருங்கோ, அஞ்சேகாலுக்கு ஆர் கராஜ் கதவைத் திறக்கிறது? ஒவ்வொரு நாளும் கேக்குது. தம்பிதான் போறான் எண்டு ஒரு கணம் நினைச்சுப்போடுறன்."

அவர் பிசைந்த சோற்றை வாயில் வைக்கவில்லை.

"எட்டுச்செலவு அண்டைக்குச் சாப்பாட்டைச் சந்தியில வைச்சிட்டுத் திரும்பிப் பாராமத்தானே வந்தனீங்கள்?"

"ஓம்."

இது இரண்டாம் முறை சொன்ன பொய். இறந்தவருக்கு எட்டாம் நாள் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைத்து, ஒரு பங்கைப் பொழுதுபட நாற்சந்தியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வந்தால்தான் போனவர் போய்ச் சேருவார் என்பது அவர்கள் வழக்கம். அன்று நண்டுக்கறியும் சோறும் சுற்றிய பொதியோடு தொழிற்சாலைக்குப் பக்கத்து வட்டச்சந்திவரை போனார். நாயோடு வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி நின்று பார்த்தாள். பொலிசுக்குச் சொல்லிவிடுவாள் என்று தனக்குத்தானே சாட்டுச் சொல்லிக்கொண்டு பொதியோடு திரும்பிவிட்டார். உண்மை அதில்லை. அந்தக் குளிருக்குள் பிள்ளையைத் தனியாக விட்டுவிட்டு வர அவருக்கு மனம் வரவில்லை. பொதி ஒரு வருடமாக, அடித்தளத்துக் களஞ்சிய அறையிலிருந்த உறைபெட்டியின் அடியில் கிடந்தது.

அவன் போக இடமில்லாமல் நிற்கிறான். ஒவ்வொரு நாளும் ஐந்தேகாலுக்கு அப்பாவை ஏற்றப் புறப்படுகிறான், பஸ் தரிப்பில் அப்பாவைக் காணாமல் திரும்பி வருகிறான். பஸ்ஸைத் தவறவிட்டவனைத்தானே அவன் ஏற்ற வேண்டும். அன்றைக்குப் பிறகு தில்லைநாதன் ஒரு நாளும் பஸ்ஸைத் தவறவிட்டதில்லை.

அன்றிரவு சாப்பிட்டுவிட்டுக் கராஜுக்குள் மறுபடி இறங்கியபோது காருக்குள் யாரோ இருந்தார்கள். ஹரிஷா. பக்கத்து இருக்கையில் கால்களை மடக்கிக்கொண்டு, சாரதி இருக்கையில் தலையைச் சாய்த்துக் கிடந்தாள்.

"இறங்கு பிள்ளை."

"கொஞ்ச நேரம் அப்பா. அண்ணாண்ட மணம் வருது."

"இனி இதுக்குள்ள ஏறாத. கேட்டியோ? சனிக்கிழமை பிருந்தன் வந்து எஞ்சினைக் கழட்டுறான்."

"கழட்டவோ?" அவள் அவரை ஒரு அந்நியனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "நீங்கள்தானே அப்பா அண்ணாவைக் கொண்டுவந்தனீங்கள்."

சாவியை அவளிடமிருந்து வாங்கினார். அவள் எதிர்க்கவில்லை. கொடுத்த விரல்கள் சூடாக இருந்தன. ஒரு பிள்ளையைக் கொடுத்தாயிற்று, இவளைக் கொடுக்க முடியாது. அதை அவர் படியேறும்போது வாய்விட்டே சொன்னார்.

மறுநாள் விடிய உறைபெட்டியைத் திறந்து பொதியை வேலைப் பைக்குள் வைத்தார். மாலைக்குள் அது இளகி, பையின் அடி நனைந்து, உடை மாற்றும் அறை முழுக்க நண்டுக்கறி மணம் பரவியிருந்தது. ஐந்து பன்னிரண்டு பஸ் வந்தது. அவர் ஏறவில்லை. கண்ணாடிகளில் மஞ்சள் வெளிச்சத்தோடு அது பனிமூட்டத்துக்குள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வட்டச்சந்தியில் ஒருவரும் இல்லை. புல்லில் குனிந்து பொதியை வைத்து, ஈரம் பட்டு ஒட்டிய தாளை விரித்தார். "சாப்பிட்டுட்டுப் போ ராசா" என்றார். "அப்பா இனிக் கூப்பிடமாட்டன். நீ போ." எழும்பினார். திரும்பிப் பார்க்கக்கூடாது. தரிப்பைப் பார்த்து நடக்கத் தொடங்கினார்.

இருபது அடி.

முதலில் காலடியில் தெரிந்தது. ஒரு அதிர்வு. பிறகு சத்தம். தூரத்தில் அடித்தொண்டையால் உறுமுகிற சத்தம். அது கிட்ட வந்தது. ஆறு சிலிண்டர். அவருக்குப் பின்னால் வந்து வேகம் குறைத்தது. நின்றது.

திரும்பிப் பார்க்கக்கூடாது.

நடந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டே நின்றது. அவர் நிழல் திடீரென்று முன்னால் நீண்டு விழுந்தது. வெளிச்சம் போட்டுவிட்டான். பெற்றோல் மணம். ஈரமண் மணம். இன்னும் பத்து அடி நடந்தால் தரிப்பு. பத்தே பத்து அடி. அவன் போய்விடுவான். எல்லாம் முடிந்துவிடும்.

போன் அடித்தது. ராஜேஸ்வரி.

"ஹரிஷா உங்களிட்டையோ நிக்கிறாள்?" அவள் குரல் ஒடுங்கியிருந்தது. "கராஜுக்குப் போட்டு வாறன் எண்டு போனவள். அங்க அவளும் இல்லை. காரும் இல்லை."

சாவி அவருடைய சட்டைப்பைக்குள் இருந்தது. தடவிப் பார்த்தார். இருந்தது.

"கேக்குதோ? இஞ்சேருங்கோ..."

ஒரு பிள்ளைக்காகத் திரும்பிப் பார்க்காமல் நடந்தவர், மற்றப் பிள்ளைக்காகத் திரும்பிப் பார்த்தார்.

புல்லில் பொதி இல்லை. இலக்கத்தகடு இல்லாத சின்னக் கார், பாரம் தாங்காமல் மூக்குத் தாழ்ந்தபடி நின்றது. உள்விளக்கு எரிந்தது. சாரதி இருக்கை பின்னால் கடைசிவரை தள்ளிக் கிடந்தது. அதில் ஒருவரும் இல்லை. பக்கத்தில் ஹரிஷா இருக்கைப் பட்டி போட்டு இருந்தாள். மடியில் பொதி விரிந்திருந்தது. அவள் அவரைப் பார்க்கவில்லை. கண் இமைக்கவில்லை. சோற்றைப் பிசைந்து, ஒரு கவளம் திரட்டி, வெறும் இருக்கைக்கு மேலே உயரமாக நீட்டிப் பிடித்திருந்தாள்.

கவளம் அவள் விரல்களுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. முடிந்ததும் அவள் அடுத்ததைத் திரட்டினாள்.

பின்கதவு அவருக்காகத் திறந்தது.