மூத்தவர் மேலே வந்த நாள்

"பூட்டாதீங்க... ஒரு நிமிஷங்க!"

மழைக்குள்ளிருந்து யாரோ கத்தினார்கள். தேன்மொழி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்க்கத் தெம்பில்லை. காலையிலிருந்து கோமாரித் தடுப்பூசி. மாரண்டஹள்ளியைச் சுற்றி இருக்கிற வயல்காட்டு வீடுகளுக்கு, கொட்டாய் கொட்டாயாகப் போய், ஓடுகிற மாடுகளையெல்லாம் மடக்கி ஊசி போட்டுவிட்டு இப்போதுதான் கால்நடை மருந்தகத்துக்குத் திரும்பியிருந்தாள். சாயங்காலம் அண்ணன் வீட்டில் வேறு கூத்து. கிருஷ்ணகிரியிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். முப்பத்தாறு வயதில் மறுபடியும் பட்டுப்புடவை, மறுபடியும் காபித் தட்டு, மறுபடியும் தலையைக் குனிந்துகொண்டு... போதும்டா சாமி!

"டைம் முடிஞ்சிடுச்சுங்க. நாளைக்குக் கொண்டாங்க."

"நாளைக்கு இருப்பாரான்னு தெரியலீங்க..."

இருப்பாரா? தேன்மொழி திரும்பினாள்.

மொபெட்டை மழையிலேயே சாய்த்துவிட்டு, பாண்டுச் சட்டி ஒன்றை நெஞ்சோடு அணைத்தபடி நின்றான் அவன். உச்சியிலிருந்து பாதம்வரை சேறு. அந்தச் சேற்றுக்கு நடுவே இரண்டு கண்கள்... மழையில் நனைந்தவையா, அழுதவையா என்று சொல்ல முடியாத கண்கள். ஆம்பளைக்கு எதுக்கு இத்தனை நீள இமை என்று ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தது. சீ, இந்த அலுப்பிலுமா என்று அதை விரட்டினாள்.

"இது மாட்டாஸ்பத்திரிங்க. மனுஷங்களுக்கு அந்தப் பக்கம் போகணும்."

"தெரியுங்க. அவரும் மனுஷன் இல்ல." சட்டிமேல் மூடியிருந்த துண்டை விலக்கினான். "எங்க மூத்தவரு."

உள்ளே ஓர் ஆமை. கருத்த ஓடு, தட்டு அகலத்துக்கு. ஓட்டின் ஓரத்தில் ஒரு தாமிர வளையம் பச்சை பூத்துக் கிடந்தது. முதுகில் விரல் நீளத்துக்கு வெடிப்பு. ரத்தம் சேற்றோடு கலந்திருந்தது.

"ஐயோ! யாரு இப்படி வெட்டினது?"

"நாந்தாங்க."

"கண்ணு தெரியாதா உங்களுக்கு?"

அவன் சேற்றுக் கையால் முகத்தைத் துடைத்து இன்னும் சேறாக்கிக்கொண்டான். ச்சே, இப்படியா எரிந்து விழுவாய் என்று தேன்மொழிக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. பூட்டைத் திரும்பத் திறந்தாள்.

காயத்தைக் கழுவி மருந்து வைக்கிற நேரத்தில் மெல்ல மெல்ல வந்தது கதை. அவன் பெயர் மாதேஸ். ஊருக்கு மேற்கே காட்டுக்கொட்டாயில் தக்காளி போடுகிறான். கிணறு வெட்டிய அன்று தண்ணீர் சுத்தமாக இருக்கட்டும் என்று அவன் பாட்டனுடைய அப்பன் விட்ட ஆமையாம் இது. வளையமும் அவர் போட்டதுதானாம். கிணறு வற்றி வருஷக்கணக்காகிவிட்டது. இப்போது போர்வெல்லும் கைவிட்டதால் கிரேன் வைத்துத் தூர் வாரியிருக்கிறார்கள். அடிச் சேற்றில் மண்வெட்டியைப் போட்டவன் மாதேஸ். உள்ளே மூத்தவர்.

"இத்தனை வருஷம் சேத்துக்குள்ளயேவா?"

"உசுரைப் புடிச்சுக்கிட்டுக் கெடந்திருக்காருங்க. நாங்கதான் செத்துட்டாருன்னு முடிவு பண்ணிட்டோம்."

"பாக்காமலே?"

"பாக்காமலேதாங்க," என்றான் தலை குனிந்து.

தேன்மொழிக்கு என்னவோ சுருக்கென்றது. வீட்டில் அண்ணி முதல் எதிர்வீட்டுக்காரி வரைக்கும் அவளைப் பற்றியும் அப்படித்தான் முடிவு பண்ணி வைத்திருந்தார்கள். இனி இதுக்கு எங்கே ஆகப்போவுது... கிடைக்கிற இடத்துக்குத் தள்ளிவிடு.

பாலக்கோட்டு டாக்டரிடம் போனில் கேட்டு ஊசி போட்டாள். டாக்டர் வனத்துறையிலும் பேசினார். காயம் ஆறுகிறவரை மருந்தகத்தில் இருக்கட்டும், ஆறினதும் இருந்த தண்ணீரிலேயே கொண்டுபோய் விட்டுவிட வேண்டும், வீட்டில் வைத்து வளர்க்கக் கூடாது என்றார்கள்.

"வூட்டுல எங்கங்க வளக்கறது?" என்றான் மாதேஸ். "எங்கம்மா வெளக்கமாத்த எடுத்துக்கும். ஆமை புகுந்த வூடு உருப்படாதாம்!"

"இத்தனை வருஷம் உங்க கெணத்துல இருந்திருக்கே?"

"கெணத்துல இருந்தா சாமிங்க. வாசப்படி தாண்டுனா சனியன்."

தேன்மொழி சிரித்துவிட்டாள். சிரித்த பிறகுதான், சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று உறைத்தது. அவன் அவள் சிரிப்பையே பார்த்தபடி நின்றான். வெளியே மழை விடுகிற வழியைக் காணோம்... இரண்டு பேருக்குமே விடவேண்டும் என்ற அவசரமும் இல்லை.

அண்ணன் முருகேஷ் போனில் கத்தித் தீர்த்தான். "எங்க தொலைஞ்ச? வந்து உக்காந்திருக்காங்க!"

சேறு பட்ட சுடிதாரோடு போய் நின்றாள். பிடிக்கவில்லை என்று சொல்லிவிடுவார்கள், நிம்மதி. ஆனால் கிருஷ்ணகிரி மாப்பிள்ளை சரி என்றுவிட்டார். மனைவியை இழந்தவர், ஓட்டல் வைத்திருக்கிறார், வேலையை விட்டுவிட்டுக் கல்லாவில் உட்கார ஆள் வேண்டுமாம். அவள் முகத்தை அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "யோசிச்சு சொல்றேன்" என்றாள் தேன்மொழி. யோசிக்க என்ன இருக்கிறது? அலுத்துவிட்டது. இன்னொரு தடவை காபித் தட்டைத் தூக்குவதைவிடச் சரி என்று சொல்லித் தொலைப்பதே சுலபம்.

அதன் பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் மாதேஸ் வந்தான். கீரை, பழுத்த தக்காளி, இலையில் மடித்த களி. எல்லாம் மூத்தவருக்காம்! மூத்தவர் எவ்வளவு களி தின்பார்? மீதியைத் தேன்மொழியும் மருந்தகம் கூட்டுகிற ரங்கம்மாளும் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

சாப்பாடு வைக்கும்போதெல்லாம் தேன்மொழி எவர்சில்வர் தட்டை டொக்கு டொக்கென்று தட்டுவாள். கொஞ்ச நாளில் சத்தம் கேட்டதுமே ஓட்டுக்குள்ளிருந்து கழுத்து நீள ஆரம்பித்தது. மாதேஸின் மொபெட் சத்தத்துக்குத் தன் கழுத்தும் வாசல் பக்கம் நீளுவதை அவள் கவனித்தாள். கவனிக்காத மாதிரி இருந்தாள்.

"இவருக்கு என்ன வயசிருக்குங்க?"

"நூறு இருக்கும்னு எங்கம்மா அடிச்சுச் சொல்லும்."

"இதெல்லாம் என்னங்க... ஏதோ தீவுல ஒரு ஆமை நூத்தித் தொண்ணூறு தாண்டிடுச்சாம். போன்ல படிச்சேன். பனிக்கடல்ல ஒரு சுறா இருக்காம், நூத்தம்பது வயசானாத்தான் ஜோடி சேரவே தயாராகுமாம்."

"அப்ப நமக்கெல்லாம் இன்னும் டைம் இருக்குங்க!"

நமக்கு... சொன்ன பிறகுதான் அவனுக்கே விளங்கியது போல. காது மடல் சிவந்துவிட்டது. தேன்மொழி சிரிஞ்சில் காற்று இருக்கிறதா என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு ஏன் ஆகல?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"வெவசாயிக்கு யாருங்க பொண்ணு குடுக்கறாங்க? பெங்களூர்ல வாட்ச்மேன் வேலைன்னா குடுப்பாங்க. எங்கம்மா கணக்கு வேற. எங்க வூட்டுக்கு வர்ற மருமக மொத நாளே கெணத்துல மூத்தவருக்குச் சோறு போடணும். அவரு மேல வந்து வாங்கணும், அப்பத்தான் வூட்டு மனுஷி. அவரே போயிட்டாரு, மருமக எங்க வருவான்னு பொலம்பிக்கிட்டே இருந்துச்சு."

"உங்கம்மாவுக்கு வந்தாரா?"

"பொழுது சாயற மட்டும் வரலியாம். அழுது அழுது கண்ணு வீங்கிப்போச்சாம். எங்கப்பா சண்டை போடறப்பெல்லாம் அதத்தான் குத்திக் காட்டுவாரு!"

ஐப்பசி மழையில் கிணற்றில் தண்ணீர் ஏறியது. ஓட்டு வெடிப்பும் மூடிக்கொண்டது. அந்த வாரம் மாதேஸ் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. போன் அடித்தால் எடுப்பாரில்லை. தேன்மொழிக்கு முதலில் பயம், பிறகு கோபம், பிறகு அந்தப் பழைய அலுப்பு. எல்லாரையும் போலத்தானா?

ரங்கம்மாள்தான் துடைப்பத்தைச் சுவரில் தட்டிக்கொண்டே போட்டு உடைத்தாள்.

"நீ ஊசி போடப் போயிருந்தப்ப அவருகிட்ட நாந்தான் கண்ணு சொன்னேன். உனக்குக் கிருஷ்ணகிரியில முடிஞ்சிருச்சு, வெத்தலப் பாக்கு மாத்தப் போறாங்கன்னு. அதுக்கு என்னா... நல்ல சேதிதானே? அந்த ஆளு ஒண்ணும் பேசல. களியை வச்சிட்டுப் போயிட்டாரு."

அன்று மாலைதான் வெற்றிலை பாக்கு மாற்றுவதாக அண்ணன் சொல்லியிருந்தான். வேண்டாம் என்று அவள் இன்னும் வாய் திறக்கவில்லை. தேன்மொழி மூத்தவரைப் பாண்டுச் சட்டியில் வைத்தாள். எவர்சில்வர் தட்டைக் கைப்பையில் சொருகினாள். வீட்டுப் பக்கம் போகிற பஸ்ஸை விட்டுவிட்டு மேற்கே போகிற மினி பஸ்ஸில் ஏறினாள். கண்டக்டர் முறைத்தான். முறைக்கட்டும்.

காட்டுக்கொட்டாய் வாசலில் ராகி புடைத்துக்கொண்டிருந்த மாதேஸின் அம்மா தீர்த்தம்மாள் முறத்தைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள்.

"அங்கயே நில்லு தாயி! வாசப்படிகிட்ட வராத! ஆமையத் தூக்கிக்கிட்டு வூட்டுக்கு வர்றியே, நாங்க வெளங்க வேணாமா?"

"வூட்டுக்கு வரலீங்கம்மா. இவரை அவரு வூட்டுல விடத்தான் வந்தேன். கெணறு எந்தப் பக்கம்?"

சத்தம் கேட்டுத் தக்காளிக் காட்டிலிருந்து ஓடிவந்தான் மாதேஸ். அவளைப் பார்த்ததும் வரப்பிலேயே நின்றுவிட்டான். தூறல் தொடங்கியிருந்தது. அதே கண்கள்... அதே இமைகள்.

"சொல்லியிருந்தா நானே வந்திருப்பேங்க..."

"போனை எடுத்தாத்தானே சொல்ல?"

கற்படிகளில் முன்னே இறங்கினாள். அவன் பின்னே வந்தான். மூத்தவரைத் தண்ணீரில் விட்டாள். ஒரு கணம் மிதந்தார், காலை அசைத்தார், கரும்பச்சைத் தண்ணீருக்குள் போய்விட்டார். தேன்மொழிக்கு அழுகை முட்டியது.

"ஏன் வரல?" என்றாள், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே.

"உங்களுக்கு முடிஞ்சிருச்சுன்னு சொன்னாங்க. நீங்க கவர்மெண்ட் வேலை. நான் பன்னெண்டாவது. நடுவுல வந்து நிக்க நான் யாருங்க..."

"என்கிட்ட கேட்டீங்களா?"

"இல்ல."

"முடிஞ்சிருச்சுன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. பாக்காமலே. மூத்தவருக்குப் பண்ணின மாதிரியே!" குரல் உடைந்தது. "எனக்கு அலுத்துப்போச்சுங்க. எல்லாருக்கும் முன்னாடி நின்னு நின்னு... உங்க மொபெட் சத்தம் கேக்கறப்ப மட்டுந்தான் அலுப்பே தெரியல. போதுமா? இதையும் நானே சொல்ல வேண்டியிருக்கு!"

மாதேஸ் அவள் பக்கம் ஒரு படி இறங்கினான்.

மேலே கிணற்று விளிம்பில் தீர்த்தம்மாளின் தலை தெரிந்தது. "என்னாடா அங்க பேச்சு? மூத்தவரு இருக்காரா, போயிட்டாரா?"

தேன்மொழி கண்ணைத் துடைத்துக்கொண்டு கைப்பையைத் திறந்தாள். மதியம் சாப்பிடாத சோறு டப்பாவில் இருந்தது. ஒரு பிடி எடுத்துத் தட்டில் போட்டு, தட்டைத் தண்ணீரை ஒட்டிக் கடைசிப் படியில் வைத்து டொக்கு டொக்கென்று தட்டினாள். ஒன்றுமில்லை. மறுபடியும் தட்டினாள். பாசி விலகியது. முதலில் மூக்கு... பிறகு கழுத்து... மூத்தவர் நிதானமாக மேலே வந்து, படியில் தாடையை வைத்து, சோற்றை இழுத்துத் தின்றார்.

"எங்கப்பனே!" தீர்த்தம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "எனக்கு ஒரு பொழுதெல்லாம் வராத ஆளு... இவ கூப்பிட்ட ஒடனே வந்துட்டாரே! தாயி, நீ மேல ஏறி வா. வாசப்படி தாண்டி உள்ளார வா."

மாதேஸ் கிசுகிசுத்தான். "தட்டுச் சத்தத்துக்குத்தான் வந்தாருன்னு அம்மாகிட்ட சொல்லிடட்டுமாங்க?"

"வாயைத் தொறந்தீங்க... தண்ணியில தள்ளிடுவேன்."

அவன் சிரிக்கவில்லை. முதல் நாள் போலவே நனைந்திருந்தான். "தேன்மொழி... இவரு நம்ம ரெண்டு பேருக்கும் அப்புறமும் இருப்பாரு. அப்ப சோறு போட இந்த வூட்டுல ஆளு வேணும். அதுக்கு மொதல்ல நீ வேணும். எனக்கு வேணும்."

நீங்க எப்போது நீ ஆனது? அவள் கேட்கவில்லை. பைக்குள் போன் அதிர்ந்தது. எடுத்தாள்.

"அண்ணா, கிருஷ்ணகிரிக்கு வேண்டாம்னு சொல்லிடு... இல்ல, மழையில எங்கயும் மாட்டிக்கல. வர லேட்டாகும், சாப்பிட்டுட்டு வரேன்."

போனை அணைத்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்தாள். மேலே ஏற இப்போது அவசரம் ஒன்றுமில்லை. மாதேஸும் ஒரு படி கீழே உட்கார்ந்தான். மூத்தவர் கடைசிப் பருக்கையையும் தின்று முடிக்கிறவரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.